எந்த வாத்தியம் முன்னால் நிற்க வேண்டும்?

ராஜபாளையத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் உள்ள நீர் காத்த அய்யனார் கோவிலில் நையாண்டி மேளம் ஒன்றைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தாளம், பக்கத்திலேயே ஆற்று நீரின் இரைச்சல். எந்த மைக்கை எங்கே வைத்தாலும் எல்லாமே அதில் கொஞ்சம் விழும். பலர் இந்த ட்ராக்குகளைக் கணினியில் ஏற்றியதும் பிரபலமான ஒலிக்கலவையாளர் ஒருவரின் ப்ரீசெட்டைத் தேடுகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்யவேண்டியது வேறு: இந்த இசையில் எது முன்னால் நிற்க வேண்டும்? கரகாட்டம் என்றால் தவிலும் பம்பையும். சாமி அழைக்கும் கட்டம் என்றால் உறுமி. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் உறுமியின் முனகலும், தவிலின் தொப்பிப் பக்கத்து அடியும் கீழ்ச்சுருதியில் ஒன்றோடொன்று மோதும். இரண்டையும் ஏற்றினால் இரண்டும் குழம்பும். உறுமிக்கு வழிவிட வேண்டுமென்றால் தொப்பியின் அடிப்பகுதியை ஈக்யூவில் சற்றுக் குறைத்து, விரல்கூடு போட்ட வலந்தலையின் சொற்களை மட்டும் தெளிவாக விடலாம். எதைக் குறைப்பது என்ற இந்தத் தேர்வில்தான் ஒருவரின் தனிப்பாணி உருவாகிறது. அதை எந்த ப்ரீசெட்டும் நமக்காகச் செய்து தராது.

பெரியவர்களைப் பார்த்துத்தானே கற்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதைப் பார்ப்பது? ‘ரோஜா’விலிருந்து ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களைக் கலவை செய்த ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகிய படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர். சிறைக்கதை, காதல், கிராமத்துக் கிரிக்கெட், தாயைத் தேடும் சிறுமி: இவற்றை ஒரே அளவுகோலில் அடக்க முடியாது. படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பதிவு செய்த ‘லகான்’ கேட்கும் கவனம் வேறு, ஸ்டுடியோவில் உருவாகும் பாடல் கேட்பது வேறு. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் ஃபேடரை எங்கே வைத்தார் என்பதல்ல, ஒவ்வொரு படத்துக்கும் என்ன தேவை என்று யோசித்த விதம். பிடித்த பாடலைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான். நம் காது களைத்து வழிதவறுவதை அது காட்டிக்கொடுக்கும். அதன் எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் மட்டும் பயனில்லை.

இன்னொரு வாதம்: எல்லாரும் போனில் கேட்கிறார்கள், ஆகவே எல்லாவற்றையும் கம்ப்ரசரில் அழுத்திச் சத்தமாக்க வேண்டும். இணைய இசைச் சேவைகள் பலவும் பாடல்களை ஏறக்குறைய ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. அழுத்திய பாடலுக்கு அங்கே லாபமில்லை, ஏற்ற இறக்கம்தான் பறிபோகிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் உறுமியின் அடிநாதம் வராது என்பது உண்மை. ஆனால் அதன் மேல் அதிர்வுகள் கேட்டால், இல்லாத அடிநாதத்தையும் மூளை ஊகித்துக்கொள்ளும். ஆகவே அந்த மேல் அதிர்வுகளை நாதஸ்வரம் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் குறையும்போது காதுக்குக் கீழ்ச்சுருதிகள்தான் முதலில் மங்கும் என்று ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். எனவே சத்தமாக வைத்து முடித்த கலவையை, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்குக் குறைத்து ஒருமுறை கேட்க வேண்டும். அப்போதும் உறுமி முன்னால் நிற்கிறதா? இல்லையென்றால் புது பிளக்-இன் தேடுவதற்கு முன், மற்ற ஃபேடர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம்.