பதின்மூன்று மாதக் கடற்பயணம்

பாத்திமா அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்கும் பேறு அண்மையில் நமக்குக் கிட்டியது. பங்கு மக்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஓர் இரவு சென்னையிலிருந்து விமானம் ஏறினோம். வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் ஏழு மணி நேரம் நாற்காலிகளில் சாய்ந்தபடியே கழிந்தது. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் இறங்கியபோது, வீட்டுப்படியை விட்டுப் புறப்பட்டு முழுதாக முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. கால்கள் வீங்கியிருந்தன, கண்கள் எரிந்தன. இருவருடைய பெட்டிகள் வந்து சேரவே இல்லை. செபமாலை சொல்லிக்கொண்டு புறப்பட்ட கூட்டம், முணுமுணுத்துக்கொண்டு வந்திறங்கியது.

“இந்த வேதனைக்காகவா கடன் வாங்கி வந்தோம்?” என்று நம்முள் ஒருவர் கேட்டேவிட்டார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. நம் உள்ளத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

மறுநாள் காலை, தாகுஸ் ஆறு கடலை நோக்கி அகன்று செல்லும் பெலேம் என்னும் இடத்துக்குச் சென்றோம். ஆற்றங்கரையில் பழைய கோட்டைக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. நம்முடன் வந்த குருவானவர் அந்த நீர்ப்பரப்பைச் சுட்டிக்காட்டி, “நம் சவேரியார் இந்த ஆற்று வழியாகத்தான் நம்மைத் தேடி வந்தார்” என்றார். முணுமுணுப்பு அடங்கியது.

ஆம், அன்பார்ந்த வாசகர்களே! 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியார் லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது நிறைவுற்றது. இந்தியாவுக்கு வருவதாக முதலில் முடிவானவர் அவர் அல்லர். பொபதில்லா என்னும் தோழர் நோயுற்றதால், புனித இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்தார். அவர் தயங்காது இசைந்து, 1540 மார்ச் மாதம் உரோமையை விட்டுப் புறப்பட்டார். லிஸ்பன் வந்து சேரவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன. பின்னர் அடுத்த ஆண்டின் கப்பல்களுக்காக அங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர் பாப்பரசரின் தூதுவர் என்னும் பதவியோடு வந்தவர். ஆகவே பணியாள் ஒருவரையேனும் உடன் கொண்டுசெல்லுமாறு அரச அதிகாரிகள் வற்புறுத்தினர். துணிகளைத் தாமே துவைத்துச் சமையலும் செய்தால் மதிப்புக் குறையுமே என்றனர். அத்தகைய மதிப்பைத் தேடியதால்தான் திருச்சபைக்கு இத்தனை இழிவு வந்தது என்னும் கருத்தில் அவர் மறுமொழி கூறினார். நன்னம்பிக்கை முனையின் குளிரைத் தாங்க முரட்டுத் துணி அங்கி ஒன்றையும், சில நூல்களையும் மட்டுமே ஏற்றுக்கொண்டார்.

அவர் ஏறிய கப்பலின் பெயர் சந்தியாகு. புதிய ஆளுநர் மார்த்தீம் அபோன்சோ தெ சோசாவும் அதிலேயே பயணம் செய்தார். அந்நாளில் கப்பல்களுக்குக் காற்றே துணை, காற்றே பகை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து, இந்துமாக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தாக வேண்டும். சற்றே தாமதித்தாலும் காற்று கைவிட்டுவிடும். பிறகு அடுத்த பருவம் வரை நடுவழியில் தங்குவதன்றி வேறு வழியில்லை.

பயணத்தின் தொடக்கமே பெருந்துன்பமாக அமைந்தது. இரண்டு மாதங்கள் கடல்நோய் தம்மை வாட்டியதாகச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கினியா கடற்கரைக்கு அப்பால் நாற்பது நாட்கள் காற்றே வீசவில்லை. கொளுத்தும் வெயிலில் கப்பல் அசையாது நின்றது. இத்தகைய நேரங்களில் குடிநீர் கெட்டு நாறும். உணவில் புழு நெளியும். உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே பல மாதங்களுக்கு உணவு. பசுங்காயும் கனியும் இன்றி ஈறுகள் வீங்கி, பற்கள் ஆடி, பலர் மடிவர். இது உயிர்ச்சத்து ‘சி’ குறைவால் வரும் நோய் என்பதை அக்காலத்தார் அறியார். ஆரஞ்சும் எலுமிச்சையும் இந்நோயைத் தணிக்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கப்பற்படை மருத்துவர் சோதித்துக் கண்டது 1747-ஆம் ஆண்டில்தான்.

அந்த நெரிசலிலும் துர்நாற்றத்திலும் சவேரியார் நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். அவர்களுடைய துணிகளைத் துவைத்தார். ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினார். தாமும் நோயுற்றிருந்த நாட்களிலேயே இவற்றைச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

காற்று தவறிவிட்டது. ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பின் கப்பல்கள் மொசாம்பிக் தீவை அடைந்தன. அங்கே ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தது. காய்ச்சல் மிகுந்த அத்தீவில் சவேரியாரும் கடுஞ்சுரத்தில் விழுந்தார். அவரைப் படுத்து ஓய்வெடுக்குமாறு மருத்துவர் கட்டளையிட்டபோது, அவர் ஓர் இரவு மட்டும் தவணை கேட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் கூறுவர். பிதற்றிக்கொண்டிருந்த மாலுமி ஒருவனின் ஆன்மா அமைதியின்றிச் செல்லக்கூடாதே என்பது அவர் கவலை. அவனைத் தம் படுக்கையிலேயே கிடத்தினார். தெளிவு பெற்ற அவன் பாவசங்கீர்த்தனம் செய்து அமைதியாய் உயிர் நீத்தான்.

1542-இன் தொடக்கத்தில் ஆளுநர் வேறொரு கப்பலில் முன்னே புறப்பட்டு, சவேரியாரையும் உடன் அழைத்துக்கொண்டார். நோயாளிகளைக் கவனிக்கத் தோழர் இருவரும் தீவிலேயே தங்கினர். மெலிந்தா, சொக்கோத்திரா வழியாக மே 6-ஆம் நாள் சவேரியார் கோவாவை அடைந்தார். லிஸ்பனை விட்டுப் பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன! அங்கும் மாளிகையை நாடாமல் மருத்துவமனையிலேயே தங்கினார்.

அவ்வாண்டே அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியை ஆட்டித் தெருவெங்கும் சிறுவரை அழைத்தார். பிறர் துணையோடு செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து கற்பித்தார். பயணத்தின் அலுப்பு அவர் பணியைத் தொடவில்லை. தொடவிட்டிருந்தால், நம் கடற்கரைச் சிற்றூர்களில் அந்த மணியோசை கேட்டிருக்குமோ?

இன்று நம் பிள்ளைகள் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்து செல்கின்றனர். கண்ணீரோடு வழியனுப்பும் பெற்றோர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைத்துக் கட்டும்போது, சவேரியாரின் கதையையும் சொல்லி அனுப்புங்கள். வழியில் வரும் களைப்பை எவராலும் தவிர்க்க இயலாது. ஆனால் களைத்த வேளையிலும் பக்கத்தில் இருப்பவன் நம்மைவிடக் களைத்திருக்கிறானா என்று பார்க்க இயலும்.

அன்று மாலை பாத்திமாவுக்குப் பேருந்து ஏறினோம். பெட்டிகள் இன்னும் வந்தபாடில்லை. முதல் நாள் முணுமுணுத்தவரே தம் பெட்டியைத் திறந்து, மாற்று உடையின்றி நின்ற முதியவர்க்குத் தம் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “சவேரியாருக்குப் பதின்மூன்று மாதம், நமக்கு ஒன்றரை நாள்கூட ஆகவில்லையே!” என்று சிரித்தார். நம் திருப்பயணம் அந்த நேரத்தில்தான் தொடங்கியது என்று நமக்குத் தோன்றிற்று.