சீட்டின் பின்பக்கம் யார் பெயர்?

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் வாளையாறு தாண்டினால் கேரளம். இங்கே அரசாங்கமே சீட்டு நடத்துகிறது. 1967-ல் இதற்கென்று தனித் துறை தொடங்கி, 1968 ஜனவரி 26-ந் தேதி முதல் குலுக்கல் நடத்தினார்கள். அப்போது சீட்டு விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று பரிசெல்லாம் கோடிக் கணக்கில்!

நாங்கள் பாலக்காட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். பால் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் சீட்டு விற்பவர் எதிரே வருவார். லாட்டரி வாங்குங்கள் என்று எந்தத் தோழிக்கும் நான் சொல்லமாட்டேன். கூலிக் காசைச் சீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்கிப் பரிசும் விழுந்துவிட்டால், "இது என் பணம்" என்று காட்ட அவளிடம் என்ன இருக்கிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் பூ விற்கும் பெண் ஒருத்தி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். வாரம் ஒரு சீட்டு வாங்குவாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு விழுந்தது. சந்தோஷம் ஒரு நாள் கூட நிலைக்கவில்லை. முதலில் வந்தார் கொழுந்தனார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி அலைச்சல்? சீட்டை எங்கிட்ட குடுங்க. எனக்கு பான் கார்டு இருக்கு. எம் பேர்ல வாங்கி உங்களுக்குத் தந்துடறேன்" என்றார்.

அடுத்து வந்தார் ஒரு வியாபாரி. "நாற்பதாயிரம் இப்பவே கையில தர்றேன். ஆபீசுக்கெல்லாம் நீ நடக்க முடியாது" என்றார்.

அவள் சீட்டை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, என்ன பண்றதுன்னே தெரியலைங்க" என்று அழுதாள்.

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெயர் எழுதாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும். பேனாவைக் கொடுத்து, "முதல்ல உம் பேரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடு" என்றேன். எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினாள். பிறகு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தோம்.

அடுத்த நாள் இருவருமாக மாவட்ட லாட்டரி அலுவலகம் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். 5,000 ரூபாய் வரையுள்ள பரிசைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் 1 லட்சம் வரை மாவட்ட அலுவலகம். அதற்கும் மேல் போனால் திருவனந்தபுரத்திலுள்ள தலைமை அலுவலகம். வங்கி மூலமாகவும் சீட்டைக் கொடுக்கலாம். எதுவானாலும் குலுக்கல் நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அரசிதழில் வந்த முடிவோடு எண்ணை ஒத்துப் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

கொண்டுவரச் சொன்ன காகிதங்கள் இவை: பரிசு விழுந்த அசல் சீட்டு, அதன் இருபக்க நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார் போன்ற அடையாள அட்டை, பான் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீது. சீட்டு நகலிலும் படத்திலும் கெஜட்டட் ஆபீசர் அல்லது நோட்டரி வக்கீலின் சான்றொப்பம் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அவளுக்கு பான் அட்டையே கிடையாது. ஆதாரில் கணவர் பெயரோடு சேர்ந்த பெயர். பாஸ்புத்தகத்திலோ பிறந்த வீட்டில் கூப்பிடும் பெயர், அப்பாவின் இனிஷியல். ஒரே பெண், காகிதத்தில் இரண்டு பேர்!

அக்ஷயா மையத்தில் பான் அட்டைக்கு எழுதிப் போட்டோம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் கேட்டோம். அதற்கு ஒரு மலையாளத்துப் பாட்டி சாட்சியாக வந்தார். பூ வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் எத்தனை நாள் அலைந்தாள் தெரியுமா? பான் அட்டை வந்தது பதினேழாம் நாள். அரசு மருத்துவர் ஒருவர் சான்றொப்பம் போட்டுத் தந்தார். இருபத்து நான்காம் நாள் எல்லாவற்றையும் கொடுத்தோம். பிடித்தம் போக மீதி அவள் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. பெரியவளை நர்சிங் படிப்பில் சேர்த்தாள்.

பிடித்தம் என்றேனே, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரி பிடிப்பார்கள். 2022 ஓணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி. முகவர் பங்கு 10 சதவீதமும் வரியும் போகக் கைக்கு வருவது 15 கோடியே 75 லட்சம் என்று அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதின.

சீட்டின் படம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2021 ஓணம் பம்பரில் 12 கோடி பரிசு. துபாயில் வேலை செய்த ஒருவர், நண்பர் தனக்காக வாங்கிய சீட்டுக்குத்தான் பரிசு என்று, செல்போனில் வந்த படத்தை நம்பிச் சொன்னார். அசல் சீட்டோ கொச்சி மரட்டைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் இருந்தது; அவர் அதை வங்கியிலும் கொடுத்துவிட்டிருந்தார்!

கூட்டாக வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2023-ல் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர், வாளையாறில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். சீட்டு தமிழ்நாட்டில் விற்கப்பட்டது என்று புகார் கிளம்பி, விசாரணையும் நடந்தது. பல பேர் சேர்ந்து வாங்கினால், பணத்தைப் பெற ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து எல்லோரும் முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும். குழு சேர்ந்து வாங்கும் பெண்கள் முதலிலேயே ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மைனர் பிள்ளை பெயரில் சீட்டு இருந்தால் கார்டியன் என்று கோர்ட்டில் சான்று வாங்க வேண்டிவரும்.

இன்னொன்று. "உங்கள் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது, ஆதாரையும் வங்கி விவரத்தையும் அனுப்புங்கள், வரியை முன்னால் கட்டுங்கள்" என்று போன் வந்தால் உடனே வையுங்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும்? உண்மையான பரிசில் வரியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். நம்மை முன்பணம் கட்டச் சொல்வதில்லை. பணத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

லாட்டரி விழுவது லட்சத்தில் ஒருத்திக்கு. ஆனால் வங்கிக் கடன், விதவைப் பென்ஷன், இன்ஷூரன்ஸ் என்று நமக்குச் சேர வேண்டிய பணம் எது வந்தாலும் "நீ யார்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அப்போது அண்ணனோ கொழுந்தனோ தன் அட்டையை நீட்டினால், பணமும் அந்தப் பக்கம்தானே போகும்?

ஆகவே தோழியரே, இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆதார், பான், பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு நான்கையும் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்துங்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் பூக்காரியிடமும் இதைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கூடப் போய் உதவுங்கள்.

— ஒரு வாசகி, பாலக்காடு.