குறைந்த கூலன்ட் எங்கே போயிற்று?

எஞ்சின் இல்லை, பெட்ரோல் எரிவதில்லை, புகையும் கிடையாது; அப்படியிருக்க மின்சாரக் காருக்குக் கூலன்ட் எதற்கு என்ற சந்தேகம், டாஷ்போர்டில் கூலன்ட் குறைவென்ற எச்சரிக்கையை முதன்முதலாகக் காண்கிறவருக்கு எழுவது சகஜமே. நெருப்பு இல்லாவிட்டாலும் உஷ்ணம் உண்டு. பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போதும், ஃபாஸ்ட் சார்ஜிங் சமயத்தில் அது வேகமாக உள்ளே பாயும்போதும் பேட்டரி சூடேறுகிறது. மோட்டாரும், அதற்கு வேண்டிய விதத்தில் மின்சாரத்தை மாற்றித் தருகிற இன்வெர்ட்டரும் அவ்வாறே சூடாகின்றன. லித்தியம் அயன் பேட்டரிக்கு உகந்தது ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான உஷ்ணநிலை. 2010-ல் வெளிவந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துப் பாலைவன வெயிலில் அதை ஓட்டியவர்கள், பேட்டரியின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குன்றுகிறதென்று 2012-ல் முறையிட்டார்கள். டாடா நெக்ஸான் உள்ளிட்ட இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில், எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் சுத்த ஜலமும் பெரும்பாலும் சமபாகமாகக் கலந்த திரவத்தை, ஒரு சிறு பம்ப் ஓயாமல் சுற்றிவரச் செய்து உஷ்ணத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு சேர்க்கிறது.

இத்திரவம் பெட்ரோலைப் போல் ஓட ஓடச் செலவாகிற பொருளன்று என்பதே நாம் முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம். மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதாகையால், அது குறைந்ததென்றால் எங்கோ போயிருக்கவேண்டும். புதுக் காரிலோ, கூலன்ட் மாற்றிய பிறகோ குழாய்களில் தங்கிய காற்றுக் குமிழிகள் மெல்ல வெளியேற, அவை விட்ட இடத்தைத் திரவம் நிரப்பி, மட்டம் சற்றே இறங்குவதுண்டு, அதில் பயமில்லை. மற்றபடி அநேகமாகக் கசிவுதான்: குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம், தெறித்த கல் ரேடியேட்டரைத் துளைத்திருக்கலாம், பம்பின் சீல் தேய்ந்திருக்கலாம். வெளியே கசிந்தால் செலவோடு போகும். பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே கசிந்தால் அது அபாயம்.

அந்த அபாயம் கற்பனையன்று. 2011-ம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பெட்ரோல் எஞ்சினையும் துணையாகக் கொண்ட செவர்லே வோல்ட் என்ற மின்சாரக் காரைப் பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் மோதவிட்டுப் பரீட்சித்தது; பரீட்சை முடிந்து ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த அந்தக் கார், சுமார் மூன்று வாரங்களுக்குப் பின், எவரும் தொடாமலே தீப்பற்றி எரிந்தது. மோதலில் பேட்டரி சேதமுற்று, கசிந்த கூலன்ட் உள்ளே மின்கசிவுக்கு வழிசெய்ததென்று விசாரணையில் தெரியவந்தது. 2012 ஜனவரியில் அந்தக் காரைத் தயாரித்த கம்பெனி, பேட்டரியைச் சுற்றிய சட்டத்தைப் பலப்படுத்தியதோடு, கூலன்ட் டப்பாவில் மட்டம் பார்க்கும் சென்ஸார் ஒன்றையும் பொருத்துவதாக அறிவித்தது. டாஷ்போர்டில் தோன்றும் அச்சிறு விளக்குக்கு இத்தனை பொருள் உண்டு.

ஆகையால் எச்சரிக்கை வந்ததும் பதற்றப்படாமல், சார்ஜிங் நிலையத்தை நாடிப் போகாமல், காரைப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பின்னரே பானட்டைத் திறந்து, பிளாஸ்டிக் டப்பாவின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே திரவம் நிற்கிறதா என்று பாருங்கள். சூடாயிருக்கையில் மூடியைத் திருகினால் கொதிக்கும் திரவம் முகத்தில் தெறிக்கக்கூடும். சில கார்களில் இரண்டு மூன்று டப்பாக்கள் உண்டு. குறைந்திருப்பது எது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பேட்டரிக்கு உரிய டப்பாவில் குறைவென்றால் காரை ஓட்டாமல் கம்பெனியின் உதவி வண்டியை அழைப்பதே உத்தமம். ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் பாய்பவை. அவற்றின் அருகே கை போகவேண்டாம்.

இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் கசிவு தெரிந்துவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நிறமும் வழவழப்பும் இல்லாத வெறும் ஜலம். கூலன்டோ நிறமுடையது, விரலில் வழுக்கும். குழாய் இணைப்புகளில் காய்ந்து படிந்த கறையும் அதன் அடையாளமே. கூலன்ட் இனிப்பான விஷம். நாயோ பூனையோ நக்கினாலும், குழந்தை வாயில் வைத்தாலும் உயிருக்கே ஆபத்து. சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

வழியோரக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிற பழைய வழக்கம் இங்கே உதவாது. குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் உட்புறத்தை அரிக்கும். மின்சாரத்தையும் எளிதில் கடத்தும். ஹூண்டாய், கியா கம்பெனிகளின் சில மாடல்களில், மின்சாரத்தை எளிதில் கடத்தாத தனிவகை நீலக் கூலன்டே பேட்டரிக்குச் செல்கிறது. அதில் வேறொன்றைக் கலந்தால் அந்தக் குணம் கெட்டுவிடும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், காரோடு தந்த கையேடு குறிப்பிடும் வகையையே வாங்குங்கள்.

ஒருமுறை நிரப்பிய பின்பு சில வாரங்களில் மறுபடியும் மட்டம் இறங்கினால், கசிவு இருப்பது நிச்சயம். அழுத்தம் கொடுத்துக் குழாய்களைச் சோதிக்கும்படி ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். "நிரப்பிவிட்டோம் சார்" என்று சாவியை நீட்டினால், எந்த இடத்தில் கசிந்தது என்று விசாரியுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை காரை எடுத்து வரவேண்டாம்.