‘போடு’ எல்லாம் ‘புட்’ அல்ல!

பிழைப்புத் தேடி மும்பை வந்திறங்கும் நம் இளைஞர்களில் பலர் ஆங்கிலம் அறவே அறியாதவர்கள் அல்லர். பள்ளியில் ‘கோ, வென்ட், கான்’ என்று நெட்டுருப் போட்டவர்கள்தாம். நேர்முகத் தேர்வு பற்றிக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும்போதுதான் சங்கடம். ‘புட் ஆஃப்’ என்றிருந்தால் தேர்வு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மறு தேதிக்குக் காத்திருக்கலாம். ‘கால்டு ஆஃப்’ என்றிருந்தால் தேர்வே ரத்து. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ‘புட்’ என்றால் வை, ‘கால்’ என்றால் கூப்பிடு என்று மட்டும் படித்தவருக்கு இது எப்படி விளங்கும்?

நம்முடைய ‘போடு’ மட்டும் இலேசானதா? கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், டீயும் போடுகிறோம். ஆங்கிலத்திலோ கையெழுத்துக்கு ‘ஸைன்’, சண்டைக்கு ‘ஃபைட்’, டீக்கு ‘மேக்’. எல்லாவற்றுக்கும் ‘புட்’ என்றால் கேட்பவர் விழிப்பார்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி இந்தத் தொல்லையை நன்கு உணர்ந்தவர். அவர் சகாக்களுடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியாயிற்று. 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று அதில் குறித்துக் காட்டினார். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின் ‘அபவுட்’ வராது என்பது போன்ற சங்கதிகள் இவை. பெரிய அதிகாரிகளே இதில் சறுக்குவதுண்டு.

ஆகவே வினையைத் தனியே எழுதி மனனம் செய்வதைவிட, முழு வாக்கியமாக நோட்டில் குறித்துக்கொள்வதே பயன் தரும். அலுவலகத்தில் ஃபைலை ‘புட் அப்’ செய் என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு வை என்று பொருள். ‘புட் அப் வித்’ என்றாலோ பொறுத்துக்கொள்வது. வேலை கிடைத்தவருக்கு இரண்டுமே தேவைப்படும்!