தெளிப்பானை எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்!

இலை சுருண்டதுமே தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பலருக்கும் பழகிவிட்டது. ஆனால், சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். வந்திருப்பது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடையாளம் காண்பது எப்படி?

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெண்டை, கத்திரியில் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால் தத்துப்பூச்சி. கொழுந்தில் கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி. தண்டில் வெண்பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. இவை இரண்டும் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் செடியில் ஏறுகின்றன. செடியை அசைத்தால் வெள்ளையாகப் பறப்பது வெள்ளை ஈ. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது இதுதான். நோய் கண்ட செடி தேறாது. உடனே பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்று மாலையே இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். முதலில் நாலைந்து செடிகளில் தெளித்துப் பார்ப்பது நல்லது. பூச்சி உடனே சாகாது; அதன் தீனியும் வளர்ச்சியும் குறையும். வாரம் கழித்து மீண்டும் தெளிக்கலாம்.

மஞ்சள் பெயின்ட் அடித்த தகர டப்பாவில் விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்தில் கவிழ்த்து வைத்தால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். இலைப்பேனுக்கு நீல நிறம்.

நண்பனைக் கொல்லாதீர்கள்

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் வெண்பஞ்சு போர்த்தியே இருக்கும். ஆனால், உருவில் பெரியது, வேகமாக ஊரும். அதை நசுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

2008-ல் கோயம்புத்தூர் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்துக்கு அடங்காத அதை அடக்கியது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அழிக்கும் இனம் அது.

ஓரங்களில் தட்டைப்பயறு விதைத்தால், அதில் வரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டும் வரும். கடும் விஷத்தைத் தெளிக்காமல் இருந்தால், அது உங்கள் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும்.