கதைப் புத்தகத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு

இல்லத்தை அழகுபடுத்தக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடியினர் தம் மண்வீட்டுச் சுவர்களிலும் தரையிலும் ஓவியம் தீட்டி வந்தவர்கள். அவர்களுள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த மரங்களைச் சென்னை தாரா பதிப்பகம் 2006இல் நூலாக்கியது. கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிடப்பட்ட அந்நூல், 2008இல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் நூற் கண்காட்சி விருதைப் பெற்றது.

சுவரில் பிறந்த அக்கலையை மீண்டும் சுவருக்கு அழைத்து வரலாம். உருவப் படங்களை மாட்ட விரும்பாத இல்லங்களுக்கும் மரமும் இலையும் ஏற்றவையே.

சிமெண்ட் ஆலை அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரானாலும் சரி, வேறு ஊரானாலும் சரி, சிமெண்ட் சுவர்களே இன்று பெருகியுள்ளன. புதுப் பூச்சு நன்கு உலருமுன் அதன்மேல் வண்ணம் தீட்டினால் உரிந்துவிடும். ஆகவே கறுப்பு அட்டை ஒன்றை வாங்குங்கள். பிள்ளை தினமும் காணும் வேப்பமரத்தையோ புளியமரத்தையோ அதில் வரையட்டும். முதலில் அடிமரம், பின் கிளைகள், இறுதியில் கோடுகளாலும் புள்ளிகளாலும் இலைகள்.

வரைந்ததைப் பெரியவர் உயரத்தில் மாட்டாதீர்கள்; பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். அதன் கீழே, கைக்கெட்டும் பலகையில் அதன் புத்தகங்களை அடுக்குங்கள். தன் கைவேலைக்கு வீட்டில் இடமுண்டு என்று கண்ட பிள்ளை, அவ்விடத்தில் அமர்ந்து படிக்கவும் விரும்பும்.

விருந்தினர் வரும்போது, அம்மரத்தின் கதையைப் பிள்ளையே சொல்லட்டும்!