எழுவாய் யார்? பொது இடத் தொல்லை பற்றிக் கட்டுரை எழுதும்போது



'பொது இடங்களில் பெண்கள் எதிர்நோக்கும் பாலியல் தொல்லையும் அதைக் களையும் வழிகளும்.' இந்தத் தலைப்பைக் கொடுத்தால் படிவம் 5 மாணவர்கள் பலர் எப்படி எழுதுவார்கள் என்று நமக்குத் தெரியும். காரணம் மூன்று, விளைவு மூன்று, அப்புறம் வழிகள். அந்த 'வழிகள்' பத்தியில்தான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

"பெண்கள் இரவில் தனியாக நடப்பதைத் தவிர்க்க வேண்டும். பெண்கள் கண்ணியமாக உடுத்த வேண்டும். பெண்கள் தற்காப்புக் கலை கற்க வேண்டும்."

எழுத்துப்பிழை இல்லை. வலி மிகும் இடமும் சரி. ஆனால் மூன்று வாக்கியத்துக்கும் எழுவாய் யார்? பெண்கள். விசில் அடித்தவன் எங்கே? மோட்டாரை மெதுவாக்கி, காது கூசும்படி ஏதோ சொல்லிவிட்டுப் போனவன் எங்கே? கட்டுரையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

செயப்பாட்டு வினையும் இதற்குத் துணைபோகிறது. 'பெண்கள் சீண்டப்படுகிறார்கள்' என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். செய்தவர் மட்டும் அதில் இல்லை. 'பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணை ஆண்கள் சிலர் சீண்டுகிறார்கள்' என்று செய்வினைக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். ஏன் சீண்டுகிறார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்ற கேள்விகள் தானாக வரும். கட்டுரைக்குச் சரக்கு அங்கிருந்துதான் கிடைக்கும்.

உடை பற்றிய வரியை நான் வகுப்பில் விடுவதில்லை. பள்ளி முடிந்து சீருடையில், பாஜு கூரோங்கில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடமே சிலர் வாலாட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையே அடுத்த நாள் வகுப்பில் உட்கார்ந்து 'கண்ணியமாக உடுத்த வேண்டும்' என்று எழுதினால், தான் பட்டதற்குத் தானே பொறுப்பு என்றல்லவா ஆகிறது?

சொல்லிலும் கவனம் வேண்டும். கேலி, கிண்டல், வம்பு என்றெல்லாம் எழுதினால் விஷயம் விளையாட்டாகிவிடும். (நம் சினிமாவில் கதாநாயகன் பின்னாலேயே போய்ப் பாட்டுப் பாடுவதைக் காதல் என்று பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்!) 'ஈவ் டீசிங்' என்ற சொல்லும் அப்படித்தான். 1998இல் சென்னையில் தெருவில் இளைஞர்கள் கொடுத்த தொல்லையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பிறகு அதை நீக்கி, துன்புறுத்தல் என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார்கள். 'பாலியல் தொல்லை' என்றே எழுதுங்கள்.

இனி நம் நாட்டுச் சட்டம். மேற்கோளாகக் காட்ட இரண்டு போதும். 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் நடத்தை சொல்லாகவோ, சைகையாகவோ, படமாகவோ, தொடுதலாகவோ எந்த வடிவில் இருந்தாலும் தொல்லை என்கிறது. இதன் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். அடுத்தது தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவு. ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல், எழுப்பும் ஒலி, காட்டும் சைகை எல்லாமே குற்றம்; 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'தொடவே இல்லையே, சும்மா ஒரு வார்த்தைதானே' என்று வாதாடும் மாணவருக்கு இந்தப் பிரிவே பதில்.

சாலையில் நடப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆள் யாரென்றே தெரியாது, நொடியில் போய்விடுவான். வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றைக் கைப்பேசியில் உடனே குறித்து வைத்தால் போலீஸ் புகாருக்கு உதவும். பக்கத்தில் நிற்பவரும் இதைச் செய்யலாம், அந்தப் பெண்ணிடம் போய் "ஒன்னும் பிரச்சனை இல்லையே தங்கச்சி?" என்று கேட்டு நிற்பதே பல நேரம் அவனை நகர வைத்துவிடும். 'வழிகள்' பத்தியில் இதை எழுதலாமே.

ஆசிரியர்களுக்கு ஒன்று. இந்தக் கட்டுரையைத் திருத்தும்போது ஏதாவது ஒரு மாணவி தனக்கு நடந்ததையே எழுதியிருக்கக்கூடும். சிவப்பு மையில் 'எடுத்துக்காட்டு நன்று' என்று போட்டு நகர்ந்துவிடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அந்த வழியா ஏம்மா போன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாலியான் காசே உதவி எண் 15999, 24 மணி நேரமும் இயங்குகிறது. வகுப்பறை அறிவிப்புப் பலகையில் இதை எழுதி ஒட்டிவையுங்கள்.